மார்பக ஒளியொலிப் படிமவியல்

மார்பக ஒளியொலிப் படிமவியல் என்பது லேசர் ஒளியையும் மீயொலியையும் இணைத்து, மார்பகத்தின் குருதிக்குழல்களை அறுவையோ ஊசியோ இன்றிப் படம்பிடிக்கும் மருத்துவ நுட்பமாகும். இதற்கு அடிப்படையான ஒளியொலி விளைவை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880 இல் கண்டறிந்தார்.

செயற்படும் முறை

சில நானோநொடிகளே நீடிக்கும் அண்மை அகச்சிவப்பு லேசர் துடிப்புகள் மார்பகத்தினுள் செலுத்தப்படுகின்றன. ஈமோகுளோபின் அவ்வொளியை உறிஞ்சுவதால் குருதி மிகச் சிறிதளவு வெப்பமடைந்து விரிகிறது. அதனால் மீயொலி அலைகள் எழுகின்றன. மார்பகத்தைச் சூழ்ந்துள்ள உணரிகளை அவை வந்தடையும் நேரத்தைக் கொண்டு கணினி படத்தை உருவாக்குகிறது. இழையங்களில் ஒளியைவிட ஒலி மிகக் குறைவாகவே சிதறுவதால் ஆழத்திலுள்ள குழல்களும் தெளிவாகத் தெரிகின்றன.

பயன்கள்

வளரும் புற்றுக்கட்டிகள் தமக்கெனப் புதிய குருதிக்குழல்களை உருவாக்கிக்கொள்கின்றன. அடர்த்தியான மார்பகத்தின் எக்சு-கதிர்ப் படத்தில் கட்டியும் சுரப்பி இழையமும் ஒருங்கே வெண்மையாகத் தெரிவதால் கட்டி கண்ணுக்குத் தப்பக்கூடும். ஒளியொலி முறை குழல்களையே காட்டுவதால் அத்தகைய கட்டிகளையும் அறிய உதவுகிறது. இதில் அயனாக்கும் கதிர்வீச்சும் இல்லை. 2018 இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், ஒருமுறை மூச்சை அடக்கும் 15 நொடிகளில் 4 செ.மீ ஆழம் வரை படம்பிடித்துக் காட்டினர்.

வரம்புகள்

சில சென்டிமீட்டர் ஆழத்திற்குள்ளேயே ஒளி வலுவிழந்துவிடுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 2021 இல் ஒப்புதல் பெற்ற கருவியும் மீயொலிச் சோதனைக்குத் துணையாகவே பயன்படுகிறது. மாமோகிராம் சோதனைக்கு இது மாற்றன்று.