ஓரியின் மலையடியில் ஒரு கவிஞர்

கொல்லிமலையில் வாழும் மக்கள் தம் ஊர்த் தொகுதிகளை 'நாடு' என்று வழங்குகின்றனர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, பெரக்கரை நாடு என்பன அவற்றுள் சில. தினையும் சாமையும் விளையும் இம்மலையைச் சங்க காலத்தில் ஆண்டவன் வல்வில் ஓரி. அவனது கொடையை வன்பரணர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அந்நாளில் புலவரின் வறுமையைப் போக்கியது வள்ளலின் பரிசில். வள்ளல்கள் மறைந்துபோன காலத்தில், செல்வமும் செல்வாக்கும் இல்லாத வீட்டில் பிறந்த ஒருவர் எழுத்தாளராக உயர்வது எங்ஙனம்? இவ்வினாவிற்கு அம்மலை சூழ்ந்த வட்டாரமே ஒரு விடை தந்திருக்கிறது. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் வாழ்க்கையே அவ்விடை.

காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் 1888-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை வெங்கடராமன் காவல் துறையில் சிறிய பதவியில் இருந்தவர். தாயார் அம்மணி அம்மாள். பெண் மக்கள் பலருக்குப் பின் பிறந்த ஆண் மகவு இவர். அத்தகைய எளிய குடும்பம், மகனை நாமக்கல்லிலும் கோயம்புத்தூரிலும் படிக்கவைத்துத் திருச்சிராப்பள்ளிக் கல்லூரி வரை அனுப்பியது. பெற்றோர் அவருக்குத் தேடிவைத்த சொத்து அக்கல்வி ஒன்றே.

கல்வி கற்றவுடன் கவிஞராகிவிடவில்லை அவர். தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். தொடக்கப் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றினார். இவ்விரண்டினும் அவருக்குக் கைகொடுத்தது ஓவியக் கலை. 1911-ஆம் ஆண்டு நடந்த தில்லி தர்பாரையொட்டி ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தைத் தீட்டித் தங்கப் பதக்கம் பெற்றார். தூரிகை சோறிட்டது, ஆதலின் எழுதுகோல் எவர் வாயிலிலும் சென்று நிற்கவேண்டிய நிலை அவருக்கு நேரவில்லை. பரிசில் தரும் வள்ளல் இல்லாத காலத்தில், தன் கைத்தொழிலையே தனக்கு வள்ளலாக்கிக்கொண்டார் எனலாம்.

பின்னர் நாடு அவரை அழைத்தது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், உப்புச் சட்டத்தை மீறுவதற்காக இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் நோக்கிப் புறப்பட்டனர். படை என்றால் அதற்கு நடைப்பாட்டு வேண்டும். இதுவோ ஆயுதம் ஏந்தாத படை. அதற்குரிய பாட்டை இயற்றித் தந்தவர் இராமலிங்கனார். அறவழிப் போரின் தன்மையை எளிய சொற்களில் உணர்த்திய அப்பாட்டு, வழியெங்கும் ஒலித்து ஊர்தோறும் பரவியது. மன்னரின் உருவைத் தீட்டிய கையே மன்னராட்சியின் சட்டத்தை எதிர்த்து நின்றோருக்குப் பாட்டெழுதியது. அப்போது அவருக்கு வயது 41. 1932-இல் அவர் சிறை புகுந்தார். புகழோடு துன்பமும் சேர்ந்தே வந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

கவிதையோடு அவர் நின்றுவிடவில்லை. திருக்குறள் ஆராய்ச்சியும் நாவலும் 'என் கதை' என்னும் தன்வரலாறும் எழுதினார். அவரது 'மலைக்கள்ளன்' நாவல் 1954-இல் திரைப்படமாகிக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது. 1949-இல் சென்னை அரசு அவரை அரசவைக் கவிஞராக்கிச் சிறப்பித்தது. 1971-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் அவர் மறைந்தார். சென்னைத் தலைமைச் செயலக வளாகத்திலுள்ள பத்து மாடிக் கட்டடம் இன்று 'நாமக்கல் கவிஞர் மாளிகை' என்னும் பெயர் தாங்கி நிற்கிறது. தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவரின் பெயர் அரசின் தலைமை அலுவலகத்திலேயே பொறிக்கப்பட்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? எழுத்தில் உயர்வதற்குச் செல்வர் வீட்டில் பிறத்தல் வேண்டுவதில்லை. ஆனால் வயிற்றுக்கு ஒரு தொழிலும், நீண்ட பொறுமையும், மக்கள் தேவையைச் செவிமடுக்கும் உள்ளமும் வேண்டும். ஓரி பொன் தந்து புலவரைப் போற்றினான். இராமலிங்கனாரின் பாட்டைப் போற்றியவர்களோ வெயிலில் நடந்த தொண்டர்களும், தெருவில் நின்று கேட்ட மக்களுமே. அந்த வள்ளல்கள் இன்னும் மறைந்துவிடவில்லை. பெரக்கரை நாட்டுப் பள்ளியில் இன்று எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவனும் நாளை அவர்கள் முன் சென்று நிற்கலாம்.