பல் டாக்டர் சேரில் உட்காரும் முன்... இந்த 6 விஷயங்களைக் கவனிங்க!

ராத்திரி 11 மணிக்குப் பல் வலி ஆரம்பிச்சா எப்படி இருக்கும்னு, வந்தவங்களுக்குத்தான் தெரியும். கிராம்பு வெச்சு, உப்புத் தண்ணி கொப்பளிச்சு, மாத்திரை போட்டு எப்படியோ விடியவெச்சிடுவோம். காலையில் விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ பஸ் ஏறினால், பல் டாக்டரைப் பார்த்துவிடலாம்.

ஆனால், 2020 மே மாதத்தை நினைச்சுப் பாருங்க. கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலம் விழுப்புரம் மாவட்டத்தில் கொரோனா தொற்று வேகமாக ஏறிய நேரம் அது. பல் வலி வந்தாலும் கிளினிக் போகப் பயம். கிளினிக்கைத் திறக்க டாக்டர்களுக்கும் பயம். இரண்டு தரப்பு பயத்துக்கும் நியாயமான காரணம் இருந்தது.

பல் கிளினிக்கில் என்ன ஸ்பெஷல் ஆபத்து?

ஊரே மாஸ்க் போட்டிருந்தாலும், பல் டாக்டர் முன்னால் நீங்கள் மாஸ்க்கைக் கழற்றி வாயைத் திறந்தே ஆக வேண்டும். டாக்டரின் முகம் உங்கள் முகத்துக்கு ஓரடி தூரத்தில் இருக்கும்.

அடுத்தது, 'கிர்ர்ர்'னு சத்தம் போடுகிற ஏரோட்டார். நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுற்றும் கருவி இது. பல் சூடாகாமல் இருக்க, கூடவே தண்ணீரையும் பீய்ச்சும். அந்தத் தண்ணீர், எச்சிலோடும் ரத்தத்தோடும் கலந்து, பனி மாதிரி காற்றில் பரவும். பெரிய துளிகள் சட்டென்று கீழே விழுந்துவிடும். நுண்ணிய துளிகளோ மூடிய அறைக்குள் ரொம்ப நேரம் மிதக்கும். உங்களுக்கு முன்னால் வந்தவருக்குத் தொற்று இருந்தால், அவர் விட்டுப்போன காற்றைத்தான் நீங்கள் சுவாசிப்பீர்கள்.

அதனால்தான், 2020 மே 19 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் பல் மருத்துவர்களுக்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. போனிலேயே அறிகுறி விசாரிப்பது, அவசர சிகிச்சைக்கு முன்னுரிமை, காற்றோட்டம், கிருமி நீக்கம் என எல்லாவற்றையும் அது பேசியது.

கொரோனா போச்சு... கவனம்?

பெருந்தொற்று அடங்கியதும் நாமும் ரிலாக்ஸ் ஆகிவிட்டோம். ஆனால், 2023-ல் வாணியம்பாடியில் நடந்ததை மறக்க முடியாது. அங்கே ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்களில் 8 பேர், மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா தொற்றால் இறந்துபோனார்கள். சலைன் பாட்டிலைச் சுத்தமில்லாத கருவியால் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, மறுபடியும் பயன்படுத்தியதையே ஆய்வாளர்கள் காரணமாகச் சுட்டிக்காட்டினார்கள். இது கொரோனா மாதிரி காற்றில் வந்த வைரஸ் இல்லை. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: கிளினிக்கில் ஒரு சின்ன அலட்சியம் உயிரையே எடுக்கலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டிய 6 விஷயங்கள்

1. கருவிகள்: உங்களுக்கான கருவிகளை சீல் செய்த பவுச்சிலிருந்து, உங்கள் கண் முன்னால் பிரிக்கிறார்களா? ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம் நீராவி அழுத்தத்தில் வைத்தால்தான் கிருமிகள் முழுசாகச் சாகும். ஸ்பிரிட்டால் துடைப்பதோ, வெந்நீரில் போட்டு எடுப்பதோ போதாது. ஏரோட்டாரின் கைப்பிடிக்கும் இதே விதிதான்.

2. கிளவுஸ், மாஸ்க்: ஒவ்வொரு நோயாளிக்கும் புது கிளவுஸ் வேண்டும். அதே கிளவுஸோடு போனை எடுத்துப் பேசினால், 'மாத்திடுங்க டாக்டர்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

3. ஊசி, சலைன்: ஊசி புதுசாக இருக்கணும். பல் பிடுங்கும்போதும் அறுவை சிகிச்சையின்போதும் பயன்படுத்தும் சலைன், உங்களுக்காகவே திறந்ததாக இருக்கணும்.

4. காற்று: ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ இருக்கிறதா? கதவை மூடி ஏசி மட்டும் ஓடினால், அதே காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும்.

5. சக்‌ஷன்: வாய்க்குள் எச்சிலை உறிஞ்சும் குழாய் வேலை செய்கிறதா? தெறிக்கும் துளிகளை வெளியே வரும் முன்பே பிடிப்பது அதுதான். குழாய் முனை ஒவ்வொருவருக்கும் புதுசாக இருக்கணும்.

6. சேர்: ஒருவர் எழுந்ததும், அடுத்தவர் உட்காரும் முன் சேர், லைட் கைப்பிடி, தட்டு எல்லாவற்றையும் கிருமிநாசினியால் துடைக்கிறார்களா?

உங்க பங்கு என்ன?

காய்ச்சல், இருமல், சளி இருந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன்பே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். கிளீனிங், கிளிப் போடுவது போன்றவற்றைச் சில நாள் தள்ளிப்போடலாம். கூட்டமாகப் போகாமல், துணைக்கு ஒருவர் போதும்.

ஆனால், சிலவற்றைத் தள்ளிப்போடவே கூடாது. முகத்திலோ தாடைக்குக் கீழேயோ வீக்கம், வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமம், நிற்காத ரத்தக்கசிவு, அடிபட்டுப் பல் விழுவது... இதெல்லாம் எமர்ஜென்சி. மூச்சு விடக் கஷ்டமாக இருந்தால், கிளினிக்கைத் தேடி அலையாமல் 108-க்கு போன் செய்து, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்குழாயையே அடைத்துவிடும்.

கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். முறையாக நடத்துபவர், 'வாங்க, பாருங்க' என்று ஆட்டோகிளேவையே காட்டுவார். கோபப்பட்டால்? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வேறு கிளினிக்கா இல்லை!