ஆட்டுக்கொட்டில் விடுமுறை வீடான கதை

பிரான்ஸ் என்றதும் நம்மாளுங்களுக்கு ஞாபகம் வர்றது ஈஃபில் கோபுரம், செண்ட் பாட்டில், அப்புறம் நெப்போலியன். ஆனா ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்கிட்ட "கோடை லீவுக்கு எங்கே போனீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. பதில்ல அடிக்கடி ஒரு சின்ன வார்த்தை வந்து விழும்: 'ஜீத்'.

விஷயம் ரொம்ப எளிமையானது. ஏதோ ஒரு கிராமத்துல பழைய கல்வீடு ஒண்ணை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கணும். குடும்பத்தோட போய்த் தங்கணும். சந்தையில காய்கறி வாங்கி நாமளே சமைச்சுச் சாப்பிடணும். ஹோட்டல் கிடையாது, ரூம் சர்வீஸ் கிடையாது. பாத்திரம் கழுவுறதும் நாமதான் :-)

வார்த்தையே வேடிக்கையானது. பழைய பிரெஞ்சுல 'படுத்துக் கிடப்பது' என்ற பொருள் தரும் வினைச்சொல்லில் இருந்து வந்தது. வயல்ல முயல் பதுங்கிப் படுத்திருக்கும் குழிக்கும் இதே பேர்தான். ராத்திரிக்குத் தலைசாய்க்க ஓர் இடம், அவ்வளவே.

இன்னிக்கு இணையத்துல இந்த வீடுகளோட படங்களைப் பார்த்தா, நீச்சல் குளமும் லாவண்டர் வயலுமா, பணக்காரங்க சமாச்சாரம் மாதிரித்தான் தெரியும். ஆனா கதை அங்கே ஆரம்பிக்கல. காசில்லாத நகரத்துக்காரனும் காசில்லாத கிராமத்துக்காரனும் ஒருத்தருக்கொருத்தர் கைகொடுத்த கதை அது.

லீவு கிடைச்சது, தங்க வழியில்லை

1936 மே மாதம். பிரான்சுல 'மக்கள் முன்னணி' என்ற இடதுசாரிக் கூட்டணி தேர்தல்ல ஜெயிச்சது. புது அரசாங்கம் பதவியேற்கிறதுக்கு முன்னாடியே தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ள உட்கார்ந்து வேலைநிறுத்தம் ஆரம்பிச்சுட்டாங்க. பிரதமர் லியோன் ப்ளூம் ஜூன் மாதம் முதலாளிகளையும் தொழிற்சங்கங்களையும் உட்கார வெச்சுப் பேசினார். அந்த மாதம் 20ஆம் தேதி ஒரு சட்டம் வந்தது: எல்லாத் தொழிலாளிக்கும் வருஷத்துக்கு 2 வாரம் சம்பளத்தோட விடுமுறை.

அதுவரைக்கும் விடுமுறைப் பயணம்ங்கிறது சொத்துள்ளவங்க பழக்கம். ஆலைத் தொழிலாளி வேலைக்குப் போகாத நாள்னா அது சம்பளம் இல்லாத நாள். இப்போ திடீர்னு பதினைந்து நாள் கையில் இருக்கு. எங்கே போறது? எப்படிப் போறது?

விளையாட்டு, ஓய்வு நேரத்துக்குன்னு ப்ளூம் அரசாங்கத்துல ஒரு பொறுப்பு உருவாக்கி, லியோ லக்ராஞ்ச் என்ற இளைஞர்கிட்ட கொடுத்திருந்தாங்க. அவர் முயற்சியில தொழிலாளர் குடும்பங்களுக்கு ரயில் கட்டணத்தில் 40 சதவீதத் தள்ளுபடி கிடைச்சது. 1936 கோடையிலேயே சுமார் 6 லட்சம் பேர் அந்த டிக்கெட்டுல பயணம் செஞ்சாங்க. நிறையப் பேர் வாழ்க்கையில முதல் தடவையா கடலைப் பார்த்தாங்க. (லக்ராஞ்ச் 1940 ஜூன்ல, ஜெர்மானியப் படைகளை எதிர்த்த போர்முனையில இறந்துபோனார். வயசு 39.)

ரயில் செலவு குறைஞ்சது சரி. மூணு பிள்ளைகளோட ஹோட்டல்ல தங்கி, மூணு வேளையும் வெளியே சாப்பிட்டா? பல பேர் கூடாரம் அடிச்சாங்க. இன்னும் பல பேர் சொந்த ஊர்ல தாத்தா பாட்டி வீட்டுக்குப் போனாங்க. நம்ம ஊர் கோடை லீவு மாதிரியேதான்! சொந்த ஊர் இல்லாதவனுக்குத்தான் வழி இல்லை.

ஆள் போன கிராமங்கள்

இப்போ கதையோட மறுபக்கம். தென்கிழக்கு பிரான்சுல 'பாஸ் ஆல்ப்' என்று ஒரு மாவட்டம் இருந்தது ('தாழ்ந்த ஆல்ப்ஸ்' என்று பொருள். பேர்ல இருக்கும் 'தாழ்ந்த' பிடிக்காமலோ என்னவோ, 1970ல 'உயர் ப்ரோவான்ஸ் ஆல்ப்ஸ்'னு மாத்திட்டாங்க). மலை, கல், ஆடு. 1836ல அங்கே ஒன்றரை லட்சத்துக்கு மேல ஜனங்க. 1954 கணக்கெடுப்பில சுமார் 84,000 பேர். கிட்டத்தட்ட பாதி ஊர் காலி.

காரணம் ஒண்ணு ரெண்டு இல்லை. ரயில் வந்ததும் இளைஞர்கள் மார்சேய், லியோன் பக்கம் வேலைக்குப் போனாங்க. முதல் உலகப்போர்ல பிரான்ஸ் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது, அதுல விவசாயிகள் ஏராளம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில பிரெஞ்சுப் போர் நினைவிடம் பார்த்திருப்பீங்க. அந்த மாதிரி, ஆனா சின்னதா, ஒரு நினைவுத்தூண் அங்கே அநேகமா எல்லாக் கிராமத்துலயும் நிக்கும். சில ஊர்கள்ல அந்தக் கல்லுல இருக்கும் பேர்கள் இன்னிக்கு அந்த ஊர்ல குளிர்காலத்துல இருக்கும் ஆட்களைவிட அதிகம்.

இரண்டாம் போருக்கு அப்புறம் டிராக்டர் வந்தது. 1960களின் நடுவில் பிரான்சுல டிராக்டர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது. சமவெளி விவசாயி பிழைச்சான். சரிவுல நாலு துண்டு நிலம் வெச்சிருந்த மலை விவசாயிக்கு டிராக்டர் எதுக்கு? அவன் பிள்ளைகள் பெட்டியைக் கட்டினாங்க. வீடு மட்டும் நின்னது. கூரை ஒழுக ஆரம்பிச்சா நாலஞ்சு குளிர்காலம்தான், சுவர் சாயும்.

1951: ரெண்டு வறுமையும் சந்திச்ச இடம்

இந்த மாவட்டத்தோட செனட்டர் எமீல் ஓபேர். ஒரு பக்கம் லீவு இருந்தும் தங்கக் காசில்லாத குடும்பங்கள். மறுபக்கம் வீடு இருந்தும் ரிப்பேர் பண்ணக் காசில்லாத விவசாயிகள். ரெண்டையும் முடிச்சுப் போட்டா என்ன? அப்படித்தான் 1951ல முதல் கிராமப்புற ஜீத் இந்த மாவட்டத்துல திறக்கப்பட்டது. நாலு வருஷம் கழிச்சு, 1955ல, இந்த வீடுகளுக்கான தேசியக் கூட்டமைப்பு 'ஜீத் த பிரான்ஸ்' என்ற பேர்ல உருவாச்சு.

ஏற்பாடு இதுதான். வீட்டைச் செப்பனிட விவசாயிக்கு உதவித்தொகையும் கடனும். பதிலுக்கு அவர் அந்த வீட்டைக் குறிப்பிட்ட வருஷங்களுக்கு விடுமுறைக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடணும். வாடகை, நிலத்து வருமானத்துக்கு ஒரு துணை. ஆட்டை வித்துட்டு ஓட்டல்காரனா மாறுன்னு யாரும் சொல்லல. விவசாயியாவே இரு, ஊரை விட்டுப் போகாமலிருக்க இது கைகொடுக்கும், அவ்வளவுதான்.

காலமும் ஒத்துழைச்சது. 1956ல சட்டப்படி மூணாவது வார விடுமுறை, 1969ல நாலாவது, 1982ல அஞ்சாவது. 1948ல பாரிஸ் கண்காட்சியில அறிமுகமான சித்ரோயென் 2சிவி மாதிரி மலிவுக் கார்கள் தெருவுக்கு வந்தன. ரயில் போகாத கிராமத்துக்கும் குடும்பத்தோட போக முடிஞ்சது.

அடுப்புதான் அச்சாணி

இந்த ஏற்பாட்டுல ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜீத்துல சமையலறை கட்டாயம். அடுப்பு இருந்ததாலதான் தொழிலாளிக் குடும்பத்துக்குக் கணக்கு கட்டுப்படி ஆச்சு. வீட்டுல சாப்பிடுற செலவுதான் இங்கேயும். அதோட முட்டை பக்கத்துப் பண்ணையில, ரொட்டி ஊர் பேக்கரியில, பாலாடைக்கட்டி சந்தையிலன்னு காசு ஊருக்குள்ளேயே சுத்துச்சு.

இன்னொண்ணு, குளியலறை. 1954 கணக்கெடுப்புப்படி பிரான்ஸ் முழுக்க வீட்டுக்குள்ள கழிப்பறை இருந்தது நாலு வீட்டுக்கு ஒண்ணுலதான். குளிக்கும் வசதி பத்துக்கு ஒண்ணு! கிராமத்துல இன்னும் மோசம். ஆனா வாடகைக்கு விடணும்னா தண்ணி, கழிப்பறை வசதியெல்லாம் வேணும். தனக்குன்னு செலவழிக்க யோசிச்ச விவசாயி விருந்தாளிக்குன்னு குழாய் போட்டான்.

வசதியைப் பொறுத்து வீடுகளுக்குத் தரமும் கொடுத்தாங்க. ஹோட்டலுக்கு நட்சத்திரம் மாதிரி இதுக்குக் கோதுமைக்கதிர், ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும். விவசாயத்துல பிறந்த ஏற்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு சின்னம் கிடைக்குமா?

சனிக்கிழமை சாயங்காலம்

சில வருஷங்களுக்கு முன்னாடி நாங்க ரெண்டு குடும்பமாச் சேர்ந்து தென்மேற்குல லோத் மாவட்டத்துல ஒரு ஜீத் எடுத்தோம். கோடையில வாடகை சனிக்கிழமையில ஆரம்பிச்சு அடுத்த சனிக்கிழமையோட முடியுறதுதான் அங்கே பழக்கம். அதனால ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகள்ல நெடுஞ்சாலை திருவிழாக் கூட்டம். 1975 ஆகஸ்ட் தொடக்கத்துல ஒரே சனிக்கிழமை சுமார் 600 கி.மீ. நீளத்துக்கு வண்டிகள் தேங்கி நின்னுதாம். அதுக்கு அப்புறம்தான், 1976ல, எந்த நாள் எந்தச் சாலை நெரியும்னு முன்கூட்டியே சொல்ற 'பிஸோன் ஃப்யூத்தே' சேவையை அரசாங்கம் ஆரம்பிச்சது.

துவரம்பருப்பு, புளி, குக்கர் எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டுத்தான் போனோம். வீட்டுக்காரப் பாட்டி வாசல்லயே காத்திருந்து சாவியைக் கொடுத்தார். தட்டு இத்தனை, கரண்டி இத்தனைன்னு பட்டியல் போட்டு, முன்பணம் வாங்கிட்டு, ஒரு கூடைத் தக்காளியையும் வெச்சுட்டுப் போனார். குக்கர் விசில் சத்தம் கேட்டு ஓடி வந்தது தனிக்கதை :-)

ரெண்டாம் நாள் பேச்சுவாக்குல சொன்னார். நாங்க சாப்பிடுற கூடம் அவர் அப்பா காலத்துல ஆட்டுக்கொட்டிலாம். மாடியில அவர் பிறந்த அறையிலதான் நாங்க பெட்டி வெச்சிருந்தோம். வாடகை வந்ததாலதான் கூரை நின்னது, இல்லைன்னா எப்பவோ வித்திருப்போம்னு சொன்னார். அவர் பிள்ளைகள் துலூஸ் நகரத்துல. கிராமத்துப் பள்ளிக்கூடம் மூடி ரொம்ப நாளாச்சு. பேக்கரியும் இல்லை, வாரத்துல சில நாள் ரொட்டி வண்டி வரும். ஜூலையில எல்லா ஜன்னல்லயும் விளக்கு எரியுது, நவம்பர்ல அவர் ஜன்னல் மட்டும்தான்.

வீடு பிழைச்சது, ஊர்?

இங்கேதான் சிக்கல். 1951ல யோசிச்சது விவசாயியை ஊர்ல நிறுத்தி வைக்க. பல இடங்கள்ல வீடு நின்னது, விவசாயி நிக்கல. அந்தக் காலியிடத்துக்குப் பாரிஸ்காரங்களும் வெள்ளைக்காரங்களும் வந்தாங்க. ப்ரோவான்சுல வீடு வாங்கிக் குடியேறின ஆங்கில எழுத்தாளர் பீட்டர் மேல் எழுதின புத்தகம் 1989ல வந்து சக்கைப்போடு போட்டது, அந்தப் பக்கம் பார்வையைத் திருப்பினவங்க நிறைய. இன்னிக்கு பிரான்சுல சுமார் பத்து வீட்டுக்கு ஒண்ணு, வருஷத்துல சில வாரம் மட்டும் திறக்கும் இரண்டாம் வீடு. 2008ல பிறந்த ஏர்பிஎன்பி வந்ததும் வாடகைக் கணக்கு இன்னும் ருசியாச்சு. பல ஊர்கள்ல உள்ளூர் இளைஞனுக்கு வருஷம் முழுக்கக் குடியிருக்க வாடகை வீடு கிடைக்கல. 2024 நவம்பர்ல பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டு, சுற்றுலா வாடகைக்கு இருந்த வரிச்சலுகையைக் குறைச்சு, கட்டுப்படுத்த மேயர்களுக்குக் கூடுதல் அதிகாரமும் கொடுத்தது.

மறுமுனையும் மாறிடுச்சு. காசில்லாத நகரத்துக் குடும்பத்துக்காகத் தொடங்கினது இது. குறைஞ்ச வருமானக்காரங்க விடுமுறை போகணும்னு 1982ல விடுமுறைக் காசோலைத் திட்டம்கூட வந்தது. ஆனாலும் இன்னிக்கு பிரெஞ்சுக்காரங்கள்ல பத்துக்கு மூணு நாலு பேர் வருஷத்துல ஒரு தடவைகூட விடுமுறைக்கு வெளியே போறதில்லை. கேட்டா முக்கியமாச் சொல்ற காரணம், பணம்.

அதுக்காக ஓபேரோட யோசனை தோத்துப்போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டி இன்னும் தன் ஊர்லயே, தன் கூரைக்குப் பக்கத்துலயே இருக்கார்னா அது அந்த யோசனையாலதான். ஆனா அது வேலை செய்யணும்னா ஒரு நிபந்தனை இருக்கு. சாவி கொடுக்க வாசல்ல ஒரு ஆள் நிக்கணும். எண்களை அழுத்தித் திறக்கிற சாவிப்பெட்டி தொங்குற வீட்டுல வாடகை வரும், தக்காளி வராது.

நம்ம பக்கமும் பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகள் சில இப்போ தங்கும் விடுதியா மாறிட்டு வருது. அங்கே கூரை நிக்கும், சந்தேகமில்லை. தெருவுல ஆள் நிப்பாங்களா? பக்கத்து ஊர்க்காரங்க யாராவது இருந்தா சொல்லுங்க.