வழிநடையாளருக்கு எழுதிவைத்த நிலம்: தென்காசி, குற்றாலப் பாதைகளின் அறவரலாறு

ஆரியங்காவுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்த தென்காசியும் திருக்குற்றாலமும் வழிநடையாளரால் வளர்ந்த ஊர்கள். மலைநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் இடையே சரக்குச் சுமந்தவர்களும், குற்றாலநாதரை வழிபட வந்தவர்களும், ஆனி ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே கொண்டுவரும் சாரலில் அருவியாட வந்தவர்களும் ஒரே பாதைகளில்தான் நடந்தனர். யாத்திரை எது, வாணிகம் எது, மனமகிழ்ச்சிக்கான உலா எது என்று அக்காலத்தில் வகுத்துக் காட்டுவது அரிது. இவர்கள் நடந்த வழிகளில் நிழலும் நீரும் தங்குமிடமும் அமைந்ததில் அரசர் கொடைக்கு நிகராகக் குடிமக்கள் கொடைக்கும் பங்குண்டு.

தமிழ் மரபு வகுத்த முப்பத்திரண்டு அறங்களில் பல வழிச்செல்வோருக்கு உரியவை. தண்ணீர்ப் பந்தல், தங்குவதற்கான மடம், தடம் எனப்படும் குளம், சோலை ஆகியவற்றோடு, கால்நடை உடலை உராய்ந்துகொள்ள நட்டுவைக்கும் கல்லாகிய ஆவுரிஞ்சு தறியும் அப்பட்டியலில் உண்டு. இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது சுமைதாங்கி. இரு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் தோளுயரத்தில் ஒரு கல்லைக் கிடத்தினால், தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் முடியும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்க இயலாமற்போன சுமைக்கு ஈடாக, அவளுடைய குடும்பத்தார் இக்கல்லை நாட்டுவது வழக்கம். பெருஞ்செல்வமில்லாத வீட்டாரும் செய்யக்கூடிய வழியறம் இது. தமிழரின் நினைவுச் சின்னங்களில் இதனினும் கனிவுடையதைக் காட்டுதல் கடினம்.

அரசு நிலையில், 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்துப் புகழ்பெற்றார்; தென்பாண்டி நாட்டில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அவருடைய பேரன் முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர், குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு நிலம் வழங்க, அது குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது. அந்நூலையே அறக்கொடைகளின் ஆவணமாகவும் படிக்கலாம்: பறவை பிடிக்க வந்த குறவன், பறவைகள் மேயும் வயல்களைச் சுட்டும்போது, திருப்பணியும் கட்டளையும் செய்தோரின் பெயர்களும் அவற்றோடு சேர்ந்து வருகின்றன.

கட்டளை என்பது குறித்த ஒரு பணி தடையின்றி நடைபெற வேண்டி நிலத்தையோ பொருளையோ ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு. மண்டபத்தைக் கட்டுவது ஒருமுறைச் செலவு. அதைப் பெருக்குவதும், பானையில் நீர் நிரப்புவதும், ஒழுகும் கூரையை மாற்றுவதும் ஆண்டுதோறும் வரும் செலவு என்பதைக் கொடையாளர் தெளிவாக அறிந்திருந்தனர். அதனாலேயே கட்டடத்தோடு விளைநிலமும், பல இடங்களில் இறையிலியாக, அதாவது வரி நீக்கப்பட்ட நிலமாக, எழுதிவைக்கப்பட்டது. தென்காசிக் கோயிலை 1446இல் தொடங்கிய அரிகேசரி பராக்கிரம பாண்டியர், பிற்காலத்தில் அதைக் காப்பவர்களை வணங்குவதாகக் கல்வெட்டுப் பாடலில் பொறித்திருப்பதும் இதே கவலையின் வெளிப்பாடுதான். அக்கோயில் எழுந்ததற்கான காரணமாக, வடகாசிக்கு நடக்க இயலாதோர்க்காக எழுப்பப்பட்டது என்ற மரபுச் செய்தியும் சொல்லப்படுகிறது.

கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியில் இவ்வேற்பாடு உருமாறத் தொடங்கியது. சென்னை மாகாணத்தின் 1817ஆம் ஆண்டு ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம், கோயில்கள், பள்ளிவாசல்களோடு பாலங்கள், சத்திரங்களுக்கான மானியங்களையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அரசு சமய நிறுவனங்களின் நிர்வாகத்திலிருந்து விலகியது; 1871ஆம் ஆண்டு உள்ளூர் நிதிச் சட்டத்திற்குப் பின் சாலைகளும் பல சத்திரங்களும் உள்ளூர் வாரியங்களின் பொறுப்பில் வந்தன. முறைகேடுகளைத் தடுக்க இம்மேற்பார்வை தேவைப்பட்டிருக்கலாம். ஆயினும் குடும்பத்தாரும் ஊராரும் அன்றாடம் கண்காணித்த அறங்கள் தொலைவிலுள்ள அலுவலகத்தின் கணக்காக மாறியபோது, பானையில் நீர் வற்றியதைக் கேட்பதற்கு உரிமையுடையவர் எவரும் அருகில் இல்லாமற்போயினர். 1904இல் நிறைவுபெற்ற திருநெல்வேலி–கொல்லம் இருப்புப் பாதை நெடுந்தூர நடையையே குறைத்துவிட்டது.

1924இல் தீக்கிரையாகிச் சிதைந்த தென்காசிக் கோபுரம், சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய திருப்பணியால் ஏறத்தாழ 180 அடி உயரத்தில் மீண்டும் எழுந்து, 1990இல் குடமுழுக்குக் கண்டது. தொலைவிலிருந்தே தெரியும் கோபுரத்துக்கு அறுபது ஆண்டு கழித்தேனும் கொடையாளர் கிடைத்தனர். சாலையோரச் சுமைதாங்கிக்கு அவ்வாய்ப்புக் குறைவு. வண்டிகளே சுமையை ஏற்க, பயன் மறைந்த அக்கல், சாலையை அகலப்படுத்தும்போது எளிதாகப் பெயர்த்தெறியப்படுகிறது.

குற்றால அருவிகளின் பராமரிப்பும் இன்று, காக்கும் பொறுப்பு யாருடையது என்ற இத்தகைய சிக்கலில்தான் நிற்கிறது. எண்ணெயும் சோப்பும் அருவிநீரைக் கெடுத்ததால், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014இல் அவற்றின் பயன்பாட்டுக்குத் தடை விதிக்க நேர்ந்தது. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தபின், அவ்விடம் வனத்துறையின் பொறுப்புக்குச் செல்ல வேண்டுமா என்ற விவாதம் எழுந்தது. பேரருவிக்கு மேலே செண்பகாதேவி அருவியை நோக்கிக் காட்டுக்குள் ஏறும் பழைய வழியிலும் காட்டைக் காப்பதும், சித்திரா பௌர்ணமிக்குச் செண்பகாதேவி அம்மனை நாடி வரும் அடியவரின் வழிநடை உரிமையைக் காப்பதும் ஒரே பாதையில் சந்திக்கின்றன.