தாம்பரம் 1938: உலகம், பிரபஞ்சம், புதுச் சிருஷ்டி

1938 டிசம்பரில் தாம்பரத்தில் கூடிய அகில உலக அருட்பணி மாமன்றத்தைத் திருச்சபை வரலாற்று மாணவர் பிற சமயங்களைக் குறித்த விவாதத்திற்காகவே நினைவுகூர்வர். சீனாவின் ஹாங்சௌ நகரில் நடைபெறவிருந்த அம்மாநாடு, ஜப்பானியப் போரின் காரணமாகச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்திற்கு மாற்றப்பட்டது. கல்லூரியும் முந்திய ஆண்டில்தான் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்திருந்தது. மாநாட்டிற்கென ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய நூலும், அதற்கு மறுப்பாகச் சென்னைக் குழுவினர் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியும் நாம் அறிந்தவையே. எனினும் அவ்வழக்கின் அடியில் வேறொரு வினா கிடந்தது. கிறிஸ்துவுக்கும் அண்டசராசரத்திற்கும் உள்ள தொடர்பு யாது என்பதே அது.

இவ்வினாவைத் தமிழில் எழுப்புவோர் முதலில் சொற்களிலேயே இடறுவர். கோஸ்மோஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஒழுங்கு, அணி என்பனவே தொடக்கப் பொருள். யோவானின் எழுத்துக்களில் அது தேவன் அன்புகூர்ந்த உலகமாகவும், நாம் அன்புகூரலாகாத உலகமாகவும் வருகின்றது. பவுலடியார் கலாத்தியருக்கும் ரோமருக்கும் எழுதுகையில் ஆளும் அயோன் என்பதோ காலத்தைக் குறிப்பது; இந்த யுகம் என்க. நம் பழைய திருப்புதல் அதனைப் ‘பிரபஞ்சம்’ என்றது. சைவ சித்தாந்தத்தில் பிரபஞ்சம் மாயையினின்று தோன்றிய காரியம். உயிர்கள் மலம் நீங்கும்பொருட்டு இறைவன் அளித்த தனு, கரண, புவன, போகங்கள் அதன்பாற்படும். இப்பின்னணியுடையோர் செவியில் பொல்லாத பிரபஞ்சம் என்பது எவ்வாறு ஒலிக்கும்? யுகத்தைப் பற்றிய தீர்ப்பு, சிருஷ்டியின்மேல் விழுந்துவிடுகின்றது. நம் பிரசங்க மேடைகளில் கேட்கப்படும் உலக வெறுப்பில் ஒரு பகுதி இவ்வாறு வந்ததே என்பது நம் எண்ணம்.

சென்னைக் குழுவில் பெரிதும் துணிந்து பேசியவர் பி. செஞ்சையா (1886–1959). அவர் குருவானவரல்லர், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாயிருந்தவர். (நீதிமன்றத்திலிருந்த ஒருவரே, மீட்பை நீதிமன்ற வழக்குமொழியிலிருந்து விடுவிக்க முயன்றது வியப்பே.) வெளிப்பாட்டிற்கும் மனிதரின் சமயத் தேடலுக்கும் இடையே தொடர்ச்சியின்மையைக் கிரேமர் வற்புறுத்தினார். செஞ்சையாவுக்கோ இயேசு புதுச் சிருஷ்டியின் ஆதிபுருஷர். பரிசுத்த ஆவியானவர் அச்சிருஷ்டியை உருவாக்கும் புதிய அண்ட ஆற்றல். அரவிந்தரின் யோகமும், கும்பகோணத்து சி.வி.வி. யோக நெறியும் அவர் சிந்தனையில் தடம் பதித்தன.

இவ்விளக்கத்தில் சிலுவை பின்னிடத்திற்குத் தள்ளப்படுகிறது என்னும் குறையை நாம் மறைக்கலாகாது. ஆற்றல் என்ற சொல் ஆவியானவரின் ஆள்தன்மையையும் மங்கச் செய்யக்கூடும். ஆயினும் மீட்பு ஆத்துமாவோடு முடிந்துவிடுவதன்று என்பதை அவர் திருச்சபைக்கு முன்பாகவே கூறிவிட்டார். 1961இல் புதுதில்லியில் கூடிய உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் மூன்றாம் பேரவையில் ஜோசப் சிட்லர் கொலோசெயர் முதல் அதிகாரம் 15 முதல் 20 வரையுள்ள வசனங்களைக் கொண்டு இயற்கையையும் மீட்பினுள் அடக்கிப் பேசினார். அவ்வசனங்களில் கோஸ்மோஸ் இல்லை. ‘எல்லாம்’ என்று பொருள்படும் சொல்லே திரும்பத் திரும்ப வருகின்றது. நம் வேதாகமத்தில் அது ‘சகலமும்’. தாம்பரத்தையடுத்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் அதில் அடங்கும். பெரும்பகுதி கட்டடங்களுக்கும் குப்பைமேட்டிற்கும் இரையான பின், 2022இல் எஞ்சியது ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சிட்லரின் உரையைக் கேட்கச் செஞ்சையா இல்லை. இரண்டாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார்.