அந்தாலியாவின் கோட்டைக்குள் நகரம்

துருக்கியின் தென்கரையில், டாரஸ் மலைத்தொடருக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே அந்தாலியா நகரம் அமைந்துள்ளது. அது நிற்கும் மேடு முழுவதும் டிராவர்டைன் என்னும் சுண்ணப்பாறை. மலையிலிருந்து சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கிய நீர் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து படிந்து அந்தப் பாறையை உண்டாக்கியது. மேடு கடலைத் தொடும் விளிம்பில் பாறை செங்குத்தாக அறுந்து நிற்கிறது. அந்த விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் பாறை உள்வாங்கி, கப்பல்கள் ஒதுங்கும் அளவுக்குச் சிறு குடா ஒன்று உண்டு. நகரத்தின் வரலாறு முழுவதும் அந்தக் குடாவைச் சுற்றியே நடந்தது.

இன்றைய அந்தாலியா துருக்கியின் கடற்கரைச் சுற்றுலாவுக்குத் தலைநகர். மேற்கே கொன்யால்த்தி, கிழக்கே லாரா என்று நீளும் கடற்கரைகளையும், அவற்றை அடுத்த பெரும் விடுதிகளையும் நாடி 2019-ல் மட்டும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வெளிநாட்டவர் அந்தாலியா மாகாணத்துக்கு வந்தனர். அவர்களில் பலர் ஒரு மாலைப் பொழுதில் வந்து பார்த்துப் போகும் இடம் கலெய்ச்சி. கோட்டைக்கு உட்பட்ட பகுதி என்ற பொருளில் பழைய நகரத்துக்கு வழங்கும் பெயர் அது. குடாவை லாட வடிவில் அணைத்து நின்ற மதில்களுக்குள் அடங்கிய ஊர் அது. சில மணி நேரத்தில் சுற்றிவிடலாம். ஆனால் அதன் சுவர்களை ஒழுங்காகப் படிக்க அந்த நேரம் போதாது. அங்கே ஒரு காலத்துக் கல் அடுத்த காலத்துச் சுவரிலும், அந்தச் சுவர் அதற்கடுத்த காலத்துக் கோபுரத்திலும் இருக்கிறது. கலெய்ச்சியின் தனிச்சிறப்பு அதன் தொன்மையைவிட இந்த மறுபயன்பாட்டில்தான் உள்ளது.

நகரை நிறுவியவர் பெர்கமம் நாட்டு அரசர் இரண்டாம் அத்தலஸ். கி.மு. 159 முதல் 138 வரை ஆண்ட இவருக்குத் தென்கடலில் தமக்கென்று ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. அந்தக் கரையில் பெயர்பெற்ற துறையான சிதே அவர் கைக்கு வரவில்லை. ஆகவே இந்தக் குடாவில் புதிய நகரை எழுப்பித் தம் பெயரால் அத்தலேயா என்று அழைத்தார். அவருக்குப் பின்வந்த மூன்றாம் அத்தலஸ் கி.மு. 133-ல் இறந்தபோது நாட்டையே உயில் எழுதி ரோமுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த அரை நூற்றாண்டில் இந்தக் கரை கடற்கொள்ளையர் நடமாடும் இடமாயிற்று. கி.மு. 70-களில் ரோமானியத் தளபதி செர்விலியஸ் படையெடுத்து வந்து அவர்களை அடக்கிய பிறகே ரோமின் பிடி இறுகியது. விவிலியம் படித்தவர்களுக்கு இந்த ஊர் அத்தாலியா என்ற பெயரில் அறிமுகமாகியிருக்கும். பவுலும் பர்னபாவும் தம் முதல் பயணத்தின் முடிவில் அந்தியோகியாவுக்குக் கப்பல் ஏறியது இந்தத் துறையிலிருந்துதான்.

பழைய நகருக்குள் நுழையச் சிறந்த வழி கிழக்குப் பக்கத்து ஹேட்ரியன் வாயில். கி.பி. 130-ல் பேரரசர் ஹேட்ரியன் வருகை தந்ததை ஒட்டி எழுப்பிய வெற்றி வளைவு இது. ஒரே அளவிலான மூன்று வளைவுகள். தூண்கள் கருங்கல், மற்றவை வெண்பளிங்கு. வளைவின் உட்கூரையைச் சதுரம் சதுரமாகக் குடைந்து ஒவ்வொன்றிலும் ஒரு பூவைச் செதுக்கியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால், ஒரு பூவைப் போல் அடுத்த பூ இல்லை என்பது தெரியும். நெற்றியில் ஹேட்ரியனுக்கு வாழ்த்துக் கூறிய எழுத்துகள் வெண்கலத்தில் வார்த்துப் பதித்தவை. அவற்றில் சில இன்று ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ளன. நடு வளைவின் தரையில் வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடி விழுந்த ஆழமான தடங்கள் இருக்கின்றன. அவற்றைக் காப்பதற்காக மேலே கண்ணாடி நடைபாதை அமைத்திருக்கிறார்கள். பளிங்கையே இவ்வளவு தேய்த்த போக்குவரத்து எத்தனை தலைமுறை நடந்திருக்க வேண்டும்!

இந்த வாயில் இவ்வளவு முழுமையாகத் தப்பியதற்குக் காரணம் அது மறைக்கப்பட்டதுதான். பிற்கால மதில் இதன் முன்பக்கத்தை மூடிவிட, நெடுங்காலம் அது பயன்பாட்டில் இல்லாமல் கிடந்தது. 1950-களில்தான் மறைப்பை நீக்கி முழுமையாக வெளியே கொண்டுவந்தார்கள். இருபுறமும் நிற்கும் கோபுரங்கள் ஒரே காலத்தவை அல்ல. தெற்குக் கோபுரம் ரோமானியர் காலத்தது. வடக்குக் கோபுரத்தின் அடிப்பகுதி பழையது. மேற்பகுதியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் செல்ஜுக் சுல்தான் அலாவுத்தீன் கெய்குபாத் எழுப்பினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டு இடைவெளி ஒரே கோபுரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறது.

வாயிலிலிருந்து தொடங்கும் ஹெசாப்சி தெரு நகரைக் குறுக்கே கடந்து, தெற்கே கடலைப் பார்த்த பாறை விளிம்பில் ஹிதிர்லிக் கோபுரத்தில் முடிகிறது. கீழே சதுரமும் மேலே உருளையுமாக, ஏறத்தாழ 14 மீட்டர் உயரம் கொண்ட ரோமானியக் கட்டடம் அது. கலங்கரை விளக்கமாகவும் காவல் கோபுரமாகவும் பிற்காலத்தில் அது பயன்பட்டது. ஆனால் அதன் வாசலின் இருபுறமும் கோடரியோடு சேர்த்துக் கட்டிய கம்புக்கட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. ரோமில் கான்சல் என்னும் உயர்பதவி வகித்தவருக்கு முன்னால் ஏந்திச் செல்லும் சின்னம் அது. பன்னிரண்டு என்பது கான்சலுக்குரிய எண்ணிக்கை. எனவே இது அப்பதவி வகித்த ஒருவரின் கல்லறையாகக் கட்டப்பட்டிருக்கலாம் என்ற கருத்தே வலுவாக நிற்கிறது. கல்லறையைக் காவல் கோபுரமாக்கி மதிலோடு சேர்த்துக்கொண்ட ஊர் இது.

அதே தெருவின் இடையில் உள்ள கெசிக் மினாரே இந்த மாற்றங்களின் உச்சம். முதலில் ரோமானியக் கோயில். பைசாந்தியர் காலத்தில் கோயிற் கற்களைக் கொண்டே அங்கு கன்னி மரியாவுக்குத் தேவாலயம் எழுந்தது. பின்னர் பள்ளிவாசலாக மாறியது. 1361-ல் சைப்ரஸ் அரசர் முதலாம் பீட்டர் நகரைக் கைப்பற்றியதும் மீண்டும் தேவாலயம் ஆனது. ஒட்டோமான் காலத்தில் இரண்டாம் பயஸீதின் மகனான இளவரசர் கொர்குத் அதைத் திரும்பப் பள்ளிவாசலாக்கினார். 1896-ல் தீப்பிடித்து, மினாரின் மர உச்சி எரிந்து விழுந்தது. ‘வெட்டுண்ட மினார்’ என்று பொருள்படும் கெசிக் மினாரே என்ற பெயர் ஊன்றிவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கூரையின்றி நின்ற இடிபாட்டில் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றின் சுவர்களையும் ஒருசேரக் காண முடிந்தது. அண்மைய ஆண்டுகளில் கூரையும் மினாருக்கு உச்சியும் அமைத்து அதைத் தொழுகைக்குத் திறந்துவிட்டார்கள். வழிபாட்டிடம் உயிர் பெற்றது ஒரு நன்மை. வரலாற்று மாணவர்களுக்கு அது இழப்பும்கூட.

செல்ஜுக்குகள் அந்தாலியாவைப் பிடித்தது 1207-ல், சுல்தான் முதலாம் கெய்குஸ்ரவின் தலைமையில். அனத்தோலியாவின் உள்நாட்டில் பேரரசு வளர்த்த அவர்களுக்கு மத்தியதரைக் கடலில் கிடைத்த முதல் பெரிய வாசல் இதுவே. எகிப்தோடும் இத்தாலிய நகரங்களோடும் வாணிகம் செய்யும் வழி திறந்தது. ஆனால் சில ஆண்டுகளில் உள்ளூர்க் கிறித்தவர்கள் சைப்ரஸ் படையின் துணையோடு கிளர்ந்து நகரை மீட்டுக்கொண்டனர். 1216-ல் கெய்குஸ்ரவின் மகன் முதலாம் கெய்காவுஸ் முற்றுகையிட்டு மறுபடி பிடித்தார். அந்த வெற்றியை அவர் கொண்டாடிய விதம் அரிதானது. முற்றுகையின் கதையை அரபு மொழியில் விரிவாக எழுதி, பல கற்களில் பொறித்து, மதிலிலேயே பதித்தார். பணிகளின் தேதியையும் அரசனின் பட்டங்களையும் மட்டும் கூறும் சிறு கல்வெட்டுகளே வழக்கமாக இருந்த காலத்தில், போர் நிகழ்வை இவ்வளவு நீளமாகச் சொல்லும் கல்வெட்டுக்கு அனத்தோலியாவில் ஈடு காண்பது கடினம். இழந்து மீட்ட நகரம் இனி வேறு எவருக்கும் இல்லை என்று மதிலையே பேசவைத்தார் கெய்காவுஸ்.

நகரின் அடையாளமான யிவ்லி மினாரே அவருக்குப் பின்வந்த அலாவுத்தீன் கெய்குபாத் காலத்தது. 38 மீட்டர் உயரம். சதுரக் கல் அடித்தளத்தின்மேல் செங்கல்லால் எழும் தண்டு, எட்டு அரை உருளைகளை வட்டமாகச் சேர்த்துக் கட்டியது போல் புடைத்து நிற்கிறது. செங்கற்களின் இடையே நீல மெருகு ஓட்டுத் துண்டுகளைப் பதித்திருந்தார்கள். இன்று எஞ்சியவை சில. அருகிலுள்ள ஆறு குவிமாடப் பள்ளிவாசல் இன்றைய வடிவைப் பெற்றது 1373-ல். அதே ஆண்டில்தான் தெகே அரச மரபின் மெஹ்மத் பே சைப்ரஸ்காரர்களிடமிருந்து நகரை மீட்டார். உள்ளே குவிமாடங்களைத் தாங்கும் தூண்களும் அவற்றின் தலைப்புகளும் பழங்காலக் கட்டடங்களிலிருந்து எடுத்தவை. ஒன்றுக்கொன்று பொருந்தாத அந்தத் தலைப்புகளைப் பார்ப்பதற்காகவே உள்ளே போக வேண்டும்.

இந்தக் கட்டடங்களுக்கு இடையே வாழ்ந்த மனிதர்களைக் காட்டுபவர் மொராக்கோ பயணி இப்னு பதூதா. 1330-களின் தொடக்கத்தில் வந்த அவர், நகரம் பிரிந்து பிரிந்து கிடந்ததைக் கவனித்தார். துறைமுகத்தில் கிறித்தவ வணிகர்கள், இன்னொரு பகுதியில் பழங்குடிகளான கிரேக்கர், வேறொன்றில் யூதர், தனியே அரசரும் பரிவாரமும், பெரும் மதிலுக்குள் முஸ்லிம்கள் என ஒவ்வொருவருக்கும் தனிச் சுவர். வணிகர் பகுதியின் கதவுகளை இரவிலும் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்திலும் வெளியிலிருந்து சாத்திவிடுவார்களாம். இங்கு விளையும் ஒருவகைச் சர்க்கரை பாதாமியையும் அவர் புகழ்கிறார். கொட்டைக்குள் இருக்கும் பருப்பும் இனிக்கும். பழத்தை உலர்த்தி எகிப்துக்கு அனுப்புவார்களாம்.

அவர் சொல்லும் இன்னொரு செய்தி இதைவிடச் சுவையானது. பழைய உடையும் கம்பளித் தொப்பியுமாக ஒருவர் வந்து அவரையும் உடன்வந்தோரையும் விருந்துக்கு அழைத்தார். இந்த ஏழையால் எப்படி விருந்தளிக்க முடியும் என்று இப்னு பதூதா தயங்கினார். வந்தவர் தோல் தைக்கும் தொழிலாளி என்பதும், பல தொழில் செய்யும் இருநூறு பேர் கொண்ட அகி என்னும் சகோதர அமைப்புக்கு அவரே தலைவர் என்பதும் பின்னர் தெரிந்தது. பகலில் ஈட்டியதைக் கொண்டுவந்து மாலையில் விருந்தினர்க்குச் செலவிடுவது அவர்கள் முறை. அன்று மாலை கம்பளம் விரித்த மண்டபத்தில், கண்ணாடி விளக்குகளின் ஒளியில், உணவும் பழமும் இனிப்பும் பரிமாறி, பாட்டும் ஆட்டமுமாக விருந்து நடந்தது. மன்னர்களின் பெயரைத் தாங்கிய வாயில்களுக்கு நடுவே, ஒரு செம்மானின் விருந்தோம்பலும் நகரின் வரலாற்றில் சமமான இடம் பெறத் தக்கது.

இன்று தெருக்களில் கண்ணில் படும் வீடுகள் பெரும்பாலும் ஒட்டோமான் ஆட்சியின் கடைசி நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கீழ்த்தளம் கல், அதன் சுவர்களில் கிடைமட்டமாக மரச்சட்டங்கள் ஓடும். நிலநடுக்கத்தின் அதிர்வைத் தாங்க அவை உதவின. மேல்தளம் மரச்சட்டகம். தெருவை நோக்கிய கீழ்த்தளத்தில் சன்னல் குறைவு. மேலே மரத்தாலான மாடம் தெருவின் மேல் நீண்டு, உள்ளே இருப்பவர் பார்வைக்குத் தெருவின் இரு முனையையும் கொண்டுவரும். வாசல் கதவைத் திறந்தால் கல் பாவிய கூடம், அதற்கப்பால் ஆரஞ்சு மரம் நிற்கும் தோட்டம். கடற்கரைக் கூழாங்கற்களைக் கறுப்பு வெள்ளையாகப் பொறுக்கித் தரையில் கோலமாகப் பதிப்பது இந்த ஊரின் கைத்திறன். தரை குளிர்ந்திருக்க அதன்மேல் நீர் தெளித்தார்கள். கோடையில் வெயில் கடுமையான இந்த ஊரில் அதுவே அன்றைய குளிர்சாதனம்.

இருபதாம் நூற்றாண்டு இந்தச் சிறு நகரைப் புரட்டிப்போட்டது. 1919 முதல் 1921 வரை இத்தாலியப் படை அந்தாலியாவில் இருந்தது. அவர்கள் தொல்பொருள்களைச் சேகரிக்கத் தொடங்கியதைக் கண்ட ஆசிரியர் சுலைமான் ஃபிக்ரி, தாமே ஊர் ஊராகச் சென்று சிலைகளையும் கல்வெட்டுகளையும் திரட்டிப் பாதுகாத்தார். அந்தத் திரட்டுதான் 1922-ல் நகரின் அருங்காட்சியகமாயிற்று. முதலில் கலெய்ச்சியில் ஒரு வழிபாட்டுக் கட்டடத்திலும், 1937 முதல் யிவ்லி மினாரேயை ஒட்டிய பள்ளிவாசலிலும் இருந்து, 1972-ல் தனிக்கட்டடத்துக்கு மாறியது. தனி மனிதர் ஒருவரின் விழிப்பு ஒரு நகரத்தின் நினைவைக் காத்தது என்று துணிந்து கூறலாம்.

1923-ல் கிரீசுக்கும் துருக்கிக்கும் இடையே செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தால், இப்னு பதூதா கண்ட கிரேக்கக் கிறித்தவச் சமூகம் ஊரைவிட்டுப் போயிற்று. அவர்களில் பலருக்கு வீட்டு மொழி துருக்கியம். அதைக் கிரேக்க எழுத்தில் எழுதினார்கள். கலெய்ச்சியின் புனித ஜார்ஜ் தேவாலயத்தில் அப்படியொரு கல்வெட்டு இன்னும் உள்ளது. அதே காலத்தை ஒட்டி, நகருக்குக் காற்று வர வேண்டும், சாலை அகலமாக வேண்டும் என்ற காரணங்களைக் கூறி மதில்களின் பெரும்பகுதியை இடித்தார்கள். கெய்காவுஸின் கல்வெட்டும் இடம் பெயர்ந்து சிதறியது. மதில்கள் எப்படி இருந்தன என்பதை அறிய இன்று ஆய்வாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகளின் குறிப்புகளை, குறிப்பாக லான்ஸ்கொரோன்ஸ்கி குழு வெளியிட்ட வரைபடங்களை நாட வேண்டியிருக்கிறது. ஈராயிரம் ஆண்டுப் போர்களில் தப்பியது அமைதிக் காலத்தில் போனது. இது வருந்தத் தக்கது.

1970-களின் தொடக்கத்தில் கலெய்ச்சி பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று. மேற்கே புதிய துறைமுகம் வந்துவிட்டதால் வேலையிழந்த பழைய துறையைப் படகுத்துறையாகச் சீரமைத்தார்கள். அந்தப் பணிக்கு 1984-ல் பன்னாட்டுப் பயண எழுத்தாளர் கூட்டமைப்பின் தங்க ஆப்பிள் விருது கிடைத்தது. 1982-ன் சுற்றுலா ஊக்கச் சட்டமும் கைகொடுக்க, பாழடைந்த வீடுகள் ஒவ்வொன்றாகச் சிறு விடுதிகளாயின. வீடுகள் பிழைத்தன, குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். கம்பளக் கடைகளும் உணவகங்களும் தெருக்களை நிறைத்துள்ளன. அவை இல்லாவிட்டால் பல கூரைகள் விழுந்திருக்கும் என்பதையும் மறுக்க முடியாது.

ஆராய்ச்சிக்கும் இந்தத் தெருக்களில் இடம் உண்டு. மத்தியதரை நாகரிகங்களை ஆராய்வதற்காக 1996-ல் சுனா - இனான் கிராச் தம்பதியின் பெயரில் தொடங்கிய நிறுவனம் கலெய்ச்சியிலேயே இயங்குகிறது. ‘அதால்யா’ என்னும் ஆண்டிதழை வெளியிடுகிறது. புனித ஜார்ஜ் தேவாலயத்தையும் அதையடுத்த பழைய வீடு ஒன்றையும் புதுப்பித்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறது. அந்த வீட்டு அறைகளில் விருந்தினருக்குக் காப்பி வழங்குவது, மணமகனுக்கு முகம் மழிப்பது, மணமகளுக்கு மருதாணி இடுவது ஆகிய ஒட்டோமான் கால வழக்கங்களை உருவப் பொம்மைகளால் காட்டியிருக்கிறார்கள். சிதறிப்போன செல்ஜுக் வெற்றிக் கல்வெட்டின் துண்டுகளை அடையாளம் கண்டு, வரிசைப்படுத்திப் படித்த ஆய்வு நூல் 2008-ல் வெளிவந்ததும் இந்த நிறுவனத்தின் வழியாகவே.