ஒரே சர்வர், பல ஐபி எண்கள்: அனுப்பிய மின்னஞ்சல் ஏன் திரும்பி வருகிறது?

பொந்தியான் – சிறு நிறுவனமோ சங்கமோ நடத்தி, சொந்தப் பெயரில் மின்னஞ்சல் சர்வரும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொல்லை அடிக்கடி வரும். டெண்டருக்கு அனுப்பிய விலைப்புள்ளி திரும்பி வந்துவிடும். தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்கு அனுப்பிய நேர்முகத் தேர்வு அழைப்பு ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழும். இறுதி நாள் கடந்த பிறகுதான் விஷயம் தெரியவரும். இதற்கு ஒரு முக்கியக் காரணம் ரிவர்ஸ் டிஎன்எஸ். சர்வருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஐபி எண்கள் இருந்தால் கோளாறைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

ரிவர்ஸ் டிஎன்எஸ் என்றால் என்ன?

டிஎன்எஸ் ஒரு பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும். ரிவர்ஸ் டிஎன்எஸ் எண்ணைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும். அந்தப் பதிவுக்கு பிடிஆர் என்று பெயர். கடிதத்தைப் பெறும் சர்வர், அனுப்பிய எண்ணுக்குரிய பெயரைக் கேட்கும். பிறகு அந்தப் பெயருக்குரிய எண்ணைக் கேட்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லாருக்கும் இது கட்டாயம் என்று கூகுள் 2024 பிப்ரவரி முதல் விதித்துள்ளது.

பதிவு யார் கையில்?

பலர் தடுமாறும் இடம் இதுதான். டொமேன் வாங்கிய நிறுவனத்தின் பக்கத்தில் பிடிஆர் பதிவை எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள், எதுவும் நடக்காது. தோட்டத்து லயன் வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் நம் பெயர்ப் பலகையை நாமே மாட்டலாம். ஆனால் 12ஆம் எண் வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பது தோட்ட ஆபீஸ் கிராணியாரின் பதிவேட்டில்தான் இருக்கும். ஐபி எண்ணும் அப்படியே. டாட் எம்ஒய் பெயர்களை மைநிக் நிர்வகிக்கிறது. எண்களோ ஆசிய பசிபிக் வட்டாரத்திற்கான ஏபிநிக் அமைப்பின் வழியாக இணையச் சேவை நிறுவனங்களுக்குப் போகின்றன. ஆகவே எண்ணைக் கொடுத்த நிறுவனத்திடமே பிடிஆர் பதிவைக் கேட்க வேண்டும். சர்வரை வாடகைக்கு எடுத்திருந்தால், அந்த வாடகை நிறுவனத்தின் பக்கத்திலேயே மாற்ற வசதி இருக்கலாம்.

படிப்படியாகச் சோதிப்பது எப்படி?

1. திரும்பி வந்த கடிதத்தைப் படியுங்கள். ஜிமெயில் 550-5.7.25 என்ற குறியீட்டைக் காட்டினால், பிடிஆர் பதிவு இல்லை அல்லது ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதில் ஓர் ஐபி எண்ணும் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள்.

2. எந்த எண்ணிலிருந்து கடிதம் வெளியே போகிறது என்று பாருங்கள். கடிதம் வந்து சேரும் எண்ணிலிருந்துதான் வெளியே போகும் என்று நினைக்க வேண்டாம். நாம் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால் ஆபரேட்டிங் சிஸ்டமே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கும். பெரும்பாலும் அது அந்த நெட்வொர்க் கார்டின் முதல் எண். உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு சோதனைக் கடிதம் அனுப்பி, அதன் அசல் வடிவத்தைத் திறந்தால் எண் தெரியும். சர்வரில் 192.168 என்று தொடங்கும் எண் இருந்தால் அது உள் எண். வெளியே தெரிவது ரவுட்டரின் எண்தான்.

3. அந்த எண்ணின் பெயரைக் கேளுங்கள். விண்டோஸில் என்எஸ்லுக்அப் கட்டளையோடு எண்ணைக் கொடுத்தால் போதும். எண் 203.0.113.25 என்று வைத்துக்கொண்டால், டிஎன்எஸ் அதை 25.113.0.203 என்று திருப்பிப் போட்டுத் தேடும்.

4. வந்த பெயரைத் திருப்பிக் கேளுங்கள். அதே எண் வர வேண்டும். ஒரு பெயருக்குப் பல எண்கள் இருந்தால், அவற்றில் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

5. சர்வர் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் ஹெலோ பெயரையும் அதே பெயராக வையுங்கள்.

பல எண்கள் இருந்தால் கவனிக்க வேண்டியவை

கடிதம் வெளியே போக ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்குங்கள். போஸ்ட்பிக்ஸ் போன்ற மென்பொருள்களில் இதற்குத் தனி அமைப்பு உண்டு. எஸ்பிஎஃப் பதிவிலும் அந்த எண் இருக்க வேண்டும்.

ஓர் எண்ணுக்கு ஒரு பிடிஆர் பெயர் போதும். ஒரே சர்வரில் பத்து டொமேன் இருந்தாலும் பத்துப் பெயர்களையும் அதில் எழுதத் தேவையில்லை. எழுதினால் குழப்பமே மிஞ்சும்.

ஐபிவி6 எண்ணை மறக்காதீர்கள். பழைய எண்ணுக்குப் பதிவு சரியாக இருந்தும் சில கடிதங்கள் மட்டும் திரும்பினால், அவை ஐபிவி6 வழியாகப் போயிருக்கலாம். அதற்கும் தனியாகப் பிடிஆர் கேளுங்கள். கிடைக்காவிட்டால், கடிதம் அனுப்புவதற்கு மட்டும் ஐபிவி6 வழியை நிறுத்திவையுங்கள்.

வீட்டு இணைப்பில் எண் அடிக்கடி மாறும் என்பதால் பிடிஆர் பெறுவது அரிது. நிலையான எண் தரும் வணிக இணைப்பு வேண்டும். இல்லையேல் வேறொரு மின்னஞ்சல் சேவை வழியாக அனுப்பலாம்.

கேட்கும்போது என்ன எழுதுவது?

“இந்த எண்ணுக்கு இந்தப் பெயரைப் பிடிஆர் பதிவாக அமைத்துத் தரவும்” என்று, முழு எண்ணையும் முழுப் பெயரையும் தெளிவாக எழுதுங்கள். அதற்கு முன்பே அந்தப் பெயர் அந்த எண்ணைக் காட்டும்படி உங்கள் டொமேனில் பதிவு செய்துவிடுங்கள். மாற்றம் உடனே தெரியாது. பழைய பதிவின் ஆயுள் 86,400 வினாடி என்றிருந்தால் 24 மணி நேரம் வரை பழைய பதிலே வரக்கூடும். அதுவரை வேறு எதையும் மாற்றாமல் காத்திருந்து, மறுநாள் மீண்டும் சோதியுங்கள். முக்கியமான கடிதம் ஏதும் அந்த நேரத்தில் இருந்தால், அனுப்பிய கையோடு ஒரு தொலைபேசி அழைப்பும் செய்துவிடுவது நல்லது.